மாத்திரையோடு ஓர் இஞ்ச் டேப்பும்: மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவரின் வீட்டாருக்கு

மதுரை வில்லாபுரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மருந்துக்கடை நடத்துகிறோம். நான் டி.பார்ம் படித்தவள். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல் காதில் கேட்கும், வீண் சந்தேகம் வரும், ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். அம்மா போன பிறகு அவன் எங்களோடுதான் இருக்கிறான். ஆக, கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்குப் பழக்கம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் சொல்வார். அதில் நான் தலையிடப் போவதில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு நாம் பார்க்க வேண்டிய வேலைகள் ஏராளம். அவற்றைத்தான் எழுதுகிறேன்.

"மாத்திரைய ஆரம்பிச்சதுல இருந்து ஊதிக்கிட்டே போறான், நிப்பாட்டிரலாமாக்கா?" என்று கேட்டு வருபவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம், குரல் கேட்பது நின்று, ராத்திரி தூங்கி, சட்டை மாற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்த நிம்மதியில் அவன் வயிறு பெருப்பதைக் கண்டுகொள்ளாத வீடுகள். "நல்லாச் சாப்பிடுறான், இனி கவலையில்ல" என்பார்கள். முதல் வீட்டில் நோய் திரும்புகிறது, இரண்டாவது வீட்டில் சர்க்கரை நுழைகிறது. இந்த நோயில் மூளைக்கும் உடம்புக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தால் கட்டுப்படி ஆகாது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மூளை எதில் ஓடுகிறது

மூளை ஏறக்குறைய 1.3 கிலோ. உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வீட்டின் மூலையில் இருக்கும் ஒரு சின்ன அறை கரண்ட் பில்லில் ஐந்தில் ஒரு பங்கை இழுக்கிற மாதிரி. அதற்கான எரிபொருள் பெரும்பாலும் குளுக்கோஸ். ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை. அந்தக் குளுக்கோஸை ஒவ்வொரு நரம்பணுவுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி. என்ற சக்தி நாணயமாக மாற்றித் தருகிறது. நரம்பணு ஒவ்வொரு முறை சேதி அனுப்பிய பிறகும் உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அடுத்த சேதிக்குத் தயாராக வேண்டும். அந்த நாணயம் அதிகமாகக் கரைவது இங்கேதான்.

மனச்சிதைவில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஓட்டம் தாறுமாறாகிறது என்பது பழைய சேதி. நம் மாத்திரைகள் பெரும்பாலும் அதன் ஒரு வாசலை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இதே வழிதான். சக்திக் கணக்கிலும் கோளாறு இருக்கிறது என்பதற்கும் தடயங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதை 1974இலேயே ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2014இல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனைக் குழு, விசேஷ ஸ்கேன் ஒன்றை வைத்து, ஏ.டி.பி.யை அவசரத்துக்கு நிரப்பித் தரும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் வேகம் மனச்சிதைவு உள்ளவர்களுக்குக் குறைவாக இருப்பதைக் காட்டியது. இது ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்து மாத்திரை மாற்றும் கட்டம் இன்னும் வரவில்லை. "மூளை சக்தியை அளந்து சொல்கிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு உடனே உதவும் தகவல் வேறு. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத, முதன்முறை நோய் வந்த ஆட்களுக்கே, மற்றவர்களை ஒப்பிட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை கூடுதலாக இருக்கிறது. நோயே சர்க்கரைக்குப் பாதி வழி போட்டுவிடுகிறது. அதன்மேல் பசியைக் கிளப்பும் மாத்திரை, அதன்மேல் பீடி, அதன்மேல் நாள் முழுக்கக் கட்டில். இத்தனையும் சேர்ந்துதான் மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடங்கள் முன்னதாகப் போய்விடுகிறார்கள். அதில் பெரும் பங்கு மாரடைப்பு மாதிரியான உடம்பு நோய்களுக்கு. "எல்லாம் மாத்திரையால வந்த வினை" என்பது முழு உண்மை இல்லை. மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் இல்லை.

நோட்டைத் தொடங்குவது

நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரை தொடங்கும் நாளன்றே, இல்லாவிட்டால் இன்றைக்கே, முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை: எடை, இடுப்பளவு, பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு. கூடவே அப்பா அம்மா யாருக்காவது சர்க்கரையோ மாரடைப்போ உண்டா என்பதையும். இந்த முதல் பக்கம் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "ஏறியிருக்கு" என்று சொல்லலாமே தவிர, எவ்வளவு என்று சொல்ல முடியாது. டாக்டருக்கு எவ்வளவு என்பதுதான் வேண்டும்.

எடை மெஷின் ஊர் ஊராக மாறினால் கணக்கு தப்பும். எங்கள் கடையில் இருக்கும் ஒன்றிலேயே தம்பியை ஏற்றுவேன். காலையில், வெறும் வயிற்றில், செருப்பில்லாமல். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. எடை விறுவிறுவென்று ஏறுவது முதல் சில வாரங்களில்தான், அதனால்தான் இந்த அவசரம். தொடக்க எடையில் 5 சதவீதம் ஏறிவிட்டால், அதாவது 60 கிலோ ஆள் 63 ஆகிவிட்டால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இடுப்பளவை நிறைய பேர் தப்பாக எடுக்கிறார்கள். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பே போதும். கைலியோ பேண்ட்டோ கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. தொப்பை உள்ளவர் அதற்குக் கீழேதான் கட்டுவார். பக்கவாட்டில் விரலை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தேடுங்கள். அடுத்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, பின்பக்கம் சரியாமல் பார்த்துக்கொண்டு, "மூச்ச விடுப்பா" என்று சொல்லி, விட்டு முடித்த நேரத்தில் படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. நம் நாட்டுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வரும் உடம்பு நம்மில் நிறைய. எடை மெஷின் அதை மறைக்கும், டேப் மறைக்காது.

ரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்தில் ஒரு முறை, மூன்றாவது மாதம் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது எடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல் போனால் எச்சரிக்கை. 126ஐத் தொட்டால் சர்க்கரை நோயா என்று மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்தப் பரிசோதனைகளை மனநல டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும்.

அந்தப் பசி

ஓலன்சபைன், குளோசபைன் இரண்டும் எடையை அதிகம் ஏற்றுபவை. ரிஸ்பெரிடோன், குயிட்டியபைன் நடுத்தரம். அரிபிப்ரசோல், லுராசிடோன், பழைய ஹாலோபெரிடால் போன்றவை குறைவு. அப்படியானால் எல்லோருக்கும் அரிபிப்ரசோலே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். குரலை அடக்குவது ஆளுக்கு ஆள் வேறு மாத்திரை. சிலருக்கு ஓலன்சபைன்தான் கேட்கும். வேறு இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் மசியாத நோய்க்குக் குளோசபைனை விட்டால் அதற்கு இணையாக வேறில்லை.

இந்தப் பசி வாய்க்கொழுப்பில் வருவதல்ல என்பதை வீட்டில் எல்லோரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மூளையில் பசியை அடக்கி வைக்கும் ஹிஸ்டமின், செரட்டோனின் வாசல்கள் சிலவற்றையும் இந்த மாத்திரைகள் சேர்த்து அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்த சேதி போய்ச் சேருவதில்லை. தம்பி ராத்திரி எட்டரைக்கு ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு அடுக்களை லைட்டைப் போட்டு நிற்பான். "அக்கா, எனக்கு நெசமாவே பசிக்குதுக்கா." பொய் சொல்லவில்லை அவன். அந்த நேரத்தில் "இப்பத்தானடா தின்ன?" என்று கத்துவது எந்தப் பலனும் தராது. அடுக்களையைப் பூட்டுவதும் அப்படித்தான். தூங்காத ஊர் இது. தெருமுனையில் பரோட்டாக்கல் தட்டும் சத்தம் நள்ளிரவு வரை கேட்கும். பூட்டினால் அங்கே போய்ச் சால்னாவோடு நாலு பரோட்டா.

அதனால் பசிக்குப் போட ஏதாவது தயாராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஒரு கிண்ணம் எப்போதும் இருக்கும், இல்லாவிட்டால் அவித்த முட்டை. வெள்ளரிக்காய் கிடைக்கும் காலத்தில் கவலையே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இட்லியை மூன்றாகக் குறைத்து, சாம்பாரைக் குழம்புக் கரண்டியில் தாராளமாக ஊற்றி, பக்கத்தில் ஒரு பொரியலை வைத்தேன். எண்ணிக்கை குறைந்ததை அவன் கவனித்தான்தான். தட்டு நிறைந்திருந்ததால் சண்டை போடவில்லை.

சோற்றைவிட மோசம் குடிப்பது. மாத்திரையால் வாய் உலர்கிறது, உடனே கலர் பாட்டில். டீக்கடையில் சீனி தூக்கலாக ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ. ஜிகர்தண்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் ஒரு நாள் குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள், தினமும் என்றால்தான் சிக்கல். பானைத் தண்ணீர், நீர்மோர், சீனி இல்லாத எலுமிச்சைத் தண்ணீர் இவற்றைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, அவனுக்கு மட்டும் அரைச் சீனி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வந்தால் போதும். நம் ஊரில் செய்வார்கள்.

சிறுதானியம் சாப்பிட்டால் ஏறாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேழ்வரகுக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அளவுதான் கணக்கு.

இவ்வளவு செய்தும் எடை ஏறினால் டாக்டரிடம் மெட்பார்மின் பற்றிக் கேளுங்கள். சர்க்கரை இல்லாதவருக்கும், இந்த மாத்திரைகளால் வரும் எடையைப் பிடித்து நிறுத்த அதைக் கொடுப்பது உண்டு. சீட்டில் மெட்பார்மினைப் பார்த்ததும் "எம்புள்ளைக்குச் சுகரே கெடையாதே" என்று பதறிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சாப்பாட்டோடு கொடுங்கள், தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும், போகப் போகச் சரியாகும்.

சோம்பேறி என்று சொல்லும் முன்

குரல் நின்ற பிறகு வரும் காலம்தான் குடும்பத்துக்குப் பெரிய சோதனை. ஆள் சண்டை போடுவதில்லை, ஓடுவதில்லை. ஆனால் குளிக்கச் சொன்னால் குளிப்பதில்லை, பேச்சும் இல்லை, சுவரைப் பார்த்தபடி கிடப்பான். சொந்தக்காரர்கள் வந்து "நல்லாத் தின்னுட்டுத் தூங்குறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இது நோயின் இன்னொரு முகம். மேலே சொன்ன சக்திக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கிறார்கள். வாசலை அடைக்கும் மாத்திரை இதை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது மட்டும் கண்ணால் காண்கிற விஷயம்.

முதலில் மாத்திரை மயக்கமா, நோயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கண் சொருகி, மாலையில் தெளிந்தால் அது மயக்கம். வேளையை ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் நோய் என்று எண்ணி, சின்னச் சின்ன வேலையாகக் கொடுக்கத் தொடங்குங்கள். "போய் ஏதாவது வேலை பாரேன்" என்றால் அவனுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "இந்த அட்டைப்பெட்டியில இருக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ட அந்தத் தட்டுல அடுக்கு" என்றால் அடுக்குவான். கடையில் அவனுக்கு அதுதான் வேலை. இப்போது காலாவதித் தேதியையும் அவனே பார்த்துத் தனியே எடுத்து வைக்கிறான், எங்கள் பையனைவிடக் கவனமாக.

நடையைச் சத்து மாத்திரையாக நினையுங்கள். நாங்கள் போவது வண்டியூர் தெப்பக்குளம். வெளிச்சுற்று ஒன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். விடியற்காலையில் கூட்டம் இருக்கும், ஆனால் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சந்தேகம் உள்ள ஆளுக்கு அது பெரிய ஆறுதல். முதலில் ஒரு பக்கக் கரை மட்டும், அப்புறம் இரண்டு. கூட ஒருவர் போக வேண்டும். "நீ போய்ட்டு வா" என்று அனுப்பினால் டீக்கடையோடு நின்றுவிடும்.

கொடுப்பதும் விழுங்குவதும்

மாத்திரைப் பட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடியாகவும் இருக்கும். பொடி எழுத்தைத்தான் நோட்டில் எழுத வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மக்கள் மருந்தகத்தில் வாங்குவதும் வேறு நிறமாக இருக்கும்; பொடி எழுத்தும் மில்லிகிராமும் ஒன்றென்றால் மருந்தும் ஒன்றுதான். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, பிள்ளை எழுந்திருக்காமல் போனதாக ஓடி வந்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் பேசவே கூச்சப்படுவார்கள்: சாம்பாரிலும் டீயிலும் தெரியாமல் கலந்து கொடுப்பது. "தண்ணி மாதிரி ஒரு சொட்டு மருந்து இருக்காமே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இவையெல்லாம் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். நான் தருவதில்லை. கையறு நிலையில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பதே பல பேருக்கு நோயின் பயம். ஒரு நாள் கண்டுபிடித்தால் அந்தப் பயம் நிஜமாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். இன்னொன்று, ரிஸ்பெரிடோன் திரவ மருந்து டீயோடு சேராது, கோலா பானங்களோடும் சேராது. தண்ணீரிலோ காபியிலோ கொடுக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது.

தினமும் மல்லுக்கட்டாக இருந்தால் ஊசியைக் கேளுங்கள். புளூபெனசின் மாதிரி மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தசையில் போடுவார்கள். வீட்டில் தினசரிப் போலீஸ் வேலை குறையும். என் கருத்தில் இது பல குடும்பங்களுக்கு முதலிலேயே சொல்லப்பட வேண்டிய வழி.

பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகை, ஓலன்சபைனையும் குளோசபைனையும் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடுகிறது. கட்டுக் கட்டாகக் குடிப்பவருக்கு டாக்டர் அதற்கேற்ப அளவை ஏற்றியிருப்பார். அவர் திடீரென்று விட்டால், அல்லது வார்டில் சேர்த்து பீடி கிடைக்காமல் போனால், அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். எச்சில் வழியும், தள்ளாடும். பீடியை விடுவது நல்லதுதான். விடப்போகும் தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டு விடச் சொல்லுங்கள்.

குளோசபைன் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் திடீரென்று குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை; பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும், பாராசிட்டமாலைப் போட்டுக் காத்திருக்கக்கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குப் போய் மாத்திரையை மறந்து, திரும்பி வந்து முழு அளவைப் போட்டால் பி.பி. இறங்கி விழுவார்கள், வலிப்பும் வரலாம். அப்புறம் மலச்சிக்கல். சிரிக்கிற விஷயமாகத் தெரியும், ஆனால் குளோசபைனில் குடல் நின்றுபோய் உயிரே போயிருக்கிறது. மூன்று நாள் போகவில்லை, வயிறு உப்பி வலிக்கிறது என்றால் ஆஸ்பத்திரி.

மதுரை வெயில்

அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரி சாதாரணம். இந்த மாத்திரைகள் உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கின்றன. கை நடுக்கத்துக்குக் கூடவே கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையையும் குறைக்கும். ஆள் வேர்க்காமலே சூடேறிப் போவார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள். நிழலில் நிறுத்தி, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் கொடுத்து, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள்.

ஆனால் வெயில் சூடு என்று நினைத்து வேறொன்றைத் தவற விடக்கூடாது. கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு. அபூர்வமானது, ஆனால் உயிர் போகும். ஊசியோ புது மாத்திரையோ தொடங்கிய சில நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு கண் மேலே போய் நிற்பது வேறு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பேய் என்பார்கள், ஓர் ஊசியில் சரியாகிவிடும். தீராத தாகம், ஓயாத சிறுநீர், வாந்தி, மூச்சு வாங்கல் என்றால் சர்க்கரை எகிறியிருக்கலாம். அதற்கும் உடனே ஓடுங்கள்.

நிறுத்தச் சொல்கிறவர்கள்

65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியான கணக்கு ஒன்று: ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு. தொடர்ந்தாலும் திரும்பலாம் என்பதையும் இதில் பாருங்கள்.

திரும்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு வரிசை இருக்கும். தம்பிக்கு முதலில் விடியற்காலைத் தூக்கம் போகும். அடுத்து ஃபேனை அணைப்பான், அதன் சத்தத்தில் யாரோ பேசுவதாக. அதற்கடுத்துக் கடைக்கு வர மாட்டான். இந்த வரிசையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனையே எழுத வைத்திருக்கிறேன். ஃபேன் நிற்கும் நாளில் டாக்டருக்குப் போன்.

இப்போது போனில் ஓடுவது கீட்டோ. சோற்றை அறவே விட்டுக் கொழுப்பைச் சாப்பிட்டால் மூளை குளுக்கோஸுக்குப் பதில் கீட்டோனில் ஓடும், நோய் போய்விடும் என்கிறார்கள். மூளை கீட்டோனிலும் ஓடும் என்பது உண்மை. 2024இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருபது பேர் சொச்சத்தை வைத்து நான்கு மாதம் செய்து பார்த்தார்கள். பலருக்கு எடையும் இடுப்பும் குறைந்தன, மனநிலையும் தேறியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு. மனச்சிதைவுக்காரர்கள் அதில் சிலர்தான், பெரும்பாலோர் இருமுனை நோய்க்காரர்கள். எல்லோரும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே செய்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. செய்ய ஆசையென்றால் டாக்டரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கோயில், தர்கா விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. பாண்டி கோயிலுக்கு எங்கள் அம்மாவும் கூட்டிப்போனாள். கோரிப்பாளையம் தர்காவும் பெரியாஸ்பத்திரியும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே நாளில் போய் வருகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். மந்திரிக்கும் நாளிலும் மாத்திரை உண்டு என்றால் போதும். சங்கிலி போடும் இடத்துக்கு மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் வெந்து செத்தார்கள்.

டாக்டர் முன் மூன்று நிமிடம்

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் கூட்டம் எப்படியென்று போனவர்களுக்குத் தெரியும். கதை சொல்ல நேரமில்லை. நோட்டிலிருந்து நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: போன முறை எடை, இந்த முறை எடை, இடுப்பு, எத்தனை வேளை விட்டுப்போனது, தூக்கம் எத்தனை மணி நேரம், புதிதாக என்ன தொந்தரவு. நோயாளியையே பேச விடுங்கள், விட்டதை மட்டும் நீங்கள் சேருங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொரு முறையும் மதுரைக்கு வர வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார், எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம், காசு இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மனநோய் தகுதியானதுதான், 2016 சட்டத்தில் இருக்கிறது. அதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

மாத்திரை தீர்ந்த பிறகு கடைக்கு வராதீர்கள். இரண்டு வாரத்துக்கானது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சீட்டைப் போனில் படம் எடுத்து வைப்பதோடு, ஒரிஜினலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போங்கள். வெளியூர்க் கடையில் போன் படத்துக்கு மாத்திரை தராமல் போகலாம். குளோசபைன் எல்லாக் கடையிலும் இருக்காது. எங்கள் கடையிலேயே வரவழைத்துத்தான் தருகிறோம், இரண்டு நாள் முன்னாடியே சொல்லி வையுங்கள்.